ஆனந்தபாய் வீட்டுப் புகை

ஆனந்தபாயை ஜீப்பில் தூக்கி ஏற்றியபோது அவள் வீட்டு அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. விடியற்காலையில் அடுப்பு மூட்டியவளுக்குப் பானை கொதிக்கும் முன்பே வயிறு பிடுங்கியிருக்கிறது. அதன் பிறகு வாந்தி. வேலிக்கு இந்தப் பக்கம் முற்றம் தூத்துப் பெருக்கிக்கொண்டிருந்த சுகுமாரி சத்தம் கேட்டு ஓடியபோது, அவள் வாசல்படியில் தலைசாய்த்துக் கிடந்தாள். முந்தின நாள் சாயங்காலம் வரை நன்றாக இருந்த பொம்பிளை. கண் இரண்டும் குழிக்குள் போய், விரல்நுனிகள் சோப்பு நீரில் ஊறினது போலச் சுருங்கிவிட்டிருந்தன.

சுகுமாரியின் புருஷன் வேலாயுதன் பனச்சமூடு சந்திப்புக்கு ஓடிப்போய் ஆரோக்கியத் துறைக்காரர்களிடம் சொன்னான். முகத்தில் துணி கட்டிய இரண்டு பேர் ஜீப்பில் வந்தார்கள். பாயில் கிடத்தித் தூக்கினார்கள். தூக்கும்போது ஆனந்தபாய் சுகுமாரியைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

"அடுப்பு."

அவ்வளவுதான். ஜீப் பாறசாலை ரோட்டில் திரும்பி மறைந்தது. சுகுமாரி உள்ளே போய் விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். அப்போது அது சரியென்றுதான் பட்டது. அணைக்கச் சொன்னாளா, அணைய விடாதே என்று சொன்னாளா என்ற சந்தேகம் பிறகுதான் வந்தது. வந்த சந்தேகம் போகவில்லை.

சில நாள் கழித்து ஜீப் ஓட்டுகிறவன் சந்திப்பில் சொன்னானாம், வெள்ளறடைப் பக்கத்திலிருந்து கொண்டுபோன கிழவி தப்பவில்லை என்று. உடலை யாரிடமும் தரவில்லை. சபை மணி அடிக்கவில்லை. உபதேசியார் ஜெபம் பண்ணவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று கேட்கவும் ஆளில்லை. அவளுடைய ஒரே மகன் சுந்தரதாஸ் பம்பாய் போய், அங்கிருந்து லாஞ்சில் ஏறித் துபாய்ப் பக்கம் போயிருந்தான். பாறசாலைக்காரன் ஒருவன் அவனை அங்கே கட்டட வேலையில் மண் சுமக்கப் பார்த்ததாகச் சொல்லி, அவன் கொடுத்தனுப்பிய நைலக்ஸ் சேலை ஒன்றைக் கொண்டுவந்து தந்திருந்தான். அதற்கு மேல் தகவல் கிடையாது. அந்தச் சேலையை ஆனந்தபாய் ஒரு தரம்கூட உடுத்தவில்லை. ஜீப் போன அன்றும் அது மடித்தபடி வேதபுத்தகத்துக்கு அடியில் இருந்தது.

அந்த வருஷத்துக் காலரா எங்கெங்கோ நாடுகளையெல்லாம் தொட்டுவிட்டு வந்தது என்று ரேடியோவில் சொன்னார்கள். பூவார் கடற்கரையில் தொடங்கி நெய்யாறு வழியாக மேலே ஏறியது. கிணறுகளில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். பனச்சமூடு சந்தையைப் பூட்டினார்கள். எல்லை ரோட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டி, ஊசி போட்ட சீட்டு இல்லாதவனைத் தமிழ்நாட்டுப் போலீசும் விடவில்லை, கேரளத்துப் போலீசும் விடவில்லை. அந்தச் சந்தையில் மரச்சீனி மூட்டையும் வாழைக்குலையும் சுமந்து பிழைத்தவன் வேலாயுதன். சந்தை பூட்டினதும் அவன் தலையில் கட்டுகிற துண்டு கொடியில் தொங்கியது. சுகுமாரி வேலை பார்த்த அண்டியாபீஸும் மூடிவிட்டது. முந்திரியண்டியை வறுத்து, தல்லி உடைத்துப் பருப்பெடுக்கிற அந்தக் கொட்டகையில் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே குடம், ஒரே குவளை. நோய் அடங்கின பிறகு திறப்போம் என்று முதலாளி வாசலில் எழுதிப் போட்டார். அதுவரை தின்பதற்கு என்ன என்று யாரும் எழுதிப் போடவில்லை.

முதலில் ஆடு விலைக்குப் போயிற்று. பிறகு வெண்கல உருளி. ரேஷன் அரிசி வாரத்தில் பாதிக்கு வந்தது. மீதிக்குத் தோட்டத்து மரச்சீனியும் காந்தாரி மிளகாயும். அந்த நேரத்தில் லீலாபாய் வந்தாள். அண்டியாபீஸில் மேஸ்திரியாக இருந்தவள். இப்போது முதலாளிக்காக ரகசியமாக வீடுகளுக்கு அண்டி கொடுத்து, தல்லி வாங்கிக்கொண்டு போனாள். கூலி ஆபீஸில் தருவதில் பாதிகூட வராது. ஆனாலும் சுகுமாரி வாங்கினாள். கையில் சாம்பல் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்து தல்லினாள். மகள் ஸ்ரீகுமாரி இரண்டு வேளை கஞ்சி குடித்தாள். அண்டிக் கறை பட்டுத் தன் விரல் தோல் உரிந்ததைச் சுகுமாரி பெரிதாக நினைக்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு காலையில் செல்லையன் அளவுக்கயிற்றோடு வந்தார். அவர் மேலவீட்டுக் காரியஸ்தன். அந்தத் தோட்ட விளை முழுக்க மேலவீட்டுக்காரருடையது. விளையின் ஓரத்தில் சுகுமாரிக்கும் ஆனந்தபாய்க்கும் பக்கத்துப் பக்கத்துக் குடிசை. நிலச்சட்டம் வந்த பிறகு, குடிகிடப்பு என்ற பேரில் குடிசை போட்டுக் குடியிருக்கிறவர்களுக்குப் பத்து சென்ட் சொந்தம் என்று ஆயிற்று. இரண்டு வீட்டாரும் மனு கொடுத்திருந்தார்கள். ஆபீஸிலிருந்து ஆள் வந்து, குடிசை நிற்கிறதா, அடுப்பெரிகிறதா என்று கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டு போகவேண்டும். அதற்குள் காலரா வந்துவிட்டது.

செல்லையன் சுகுமாரி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. ஆனந்தபாய் வீட்டைச் சுற்றி நடந்து பார்த்தார்.

"தீனம் பிடிச்ச ஓலையாக்கும். வச்சோண்டிருக்கப்பிடாது" என்று பொதுவாகச் சொன்னார். "ரெண்டு ஆளு விட்டுப் பிரிச்சு தீ வச்சுக் கத்திச்சிரலாம்."

"சுந்தரன் வருவான் அண்ணாச்சி" என்றாள் சுகுமாரி.

"எப்பம்?"

அவள் ஜீப் போன ரோட்டைப் பார்த்தாள்.

"ஆளில்லாத ஓலைப்புரைக்கு உரிமை ஏது? அடுப்பெரிஞ்சாத்தானே குடிகிடப்பு?" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அன்று பொழுது சாய்ந்த மோந்தி நேரத்தில் சுகுமாரி, தல்லி மிஞ்சிய அண்டித்தோட்டை முந்தானையில் அள்ளிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போனாள். யாரோ ஒரு சொந்தக்காரி வந்து தங்கியிருக்கிறாள் என்று செல்லையன் நினைக்கட்டும். அவள் எண்ணியது அவ்வளவுதான். தோட்டில் எண்ணெய் உண்டு. ஒரு தீக்குச்சி போதும், பற்றிக்கொண்டு எரியும். கறுத்த புகை ஓலைக்கூரை இடுக்குகளில் கசிந்து மேலே போயிற்று. ஆனந்தபாயின் பலகையில் உட்கார்ந்து, தோடு எரிந்து தீரும்வரை அவள் இருந்தாள். சுவரில் செருகியிருந்த மரச் சீப்பில் நரைமயிர் சுற்றியிருந்தது. அதைப் பார்க்காதிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலாயுதனிடம் சொல்லவில்லை. சொன்னால் செத்தவள் வீட்டுக்குள் போனதற்கே அடிப்பான்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும்.

ஊர் அதைச் சொந்தக்காரியின் புகை என்று நினைக்கவில்லை. வெள்ளறடைக்குப் போய்விட்டு நடந்து வந்த ஒருவன் முதலில் பார்த்தான். செத்தவள் வீட்டில் புகை. கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே செம்மஞ்சள் வெளிச்சம். அவன் சந்திப்பு வரை ஓடினானாம். பிறகு வேறொருத்தி பார்த்தாள். அவள் புகையோடு சேர்த்து இருமலையும் கேட்டிருந்தாள். அந்த இருமல் சுகுமாரியுடையது. அண்டித்தோட்டுப் புகைக்கு யாருக்கும் இருமல் வரும்.

வேலாயுதன் செய்தியோடு வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"ஏட்டி, கேட்டியா? ஆனந்தபாய் மோந்திக்கு அடுப்பு மூட்டுதாளாம். கண்டவன் நேரிட்டுச் சொன்னான். இனி இருட்டினா பிள்ளைய வெளிய விடாத. நீயும் கிணத்தடிக்குப் போவாண்டாம்."

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அப்போது அவன் அடுத்ததைச் சொன்னான்.

"செல்லையன் அண்ணாச்சி பிரிக்க ஆளு கூப்பிட்டிருக்காரு. ஒருத்தனும் வரல்ல. எவனும் அந்தக் கூரையில ஏற மாட்டான்."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அதிலிருந்து வேலாயுதன் பொழுது சாய்ந்ததும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்வான். மகளைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பான். அவள், கோழி அடைக்க, சுள்ளி பொறுக்க என்று எதையாவது சொல்லிவிட்டு வெளியே வருவாள். புருஷனின் பயத்துக்கு நடுவே நடந்து போய், அந்தப் பயத்தைத் தன் கையாலேயே பற்றவைத்துவிட்டு வருவது அவளுக்கு என்னவோ போலிருந்தது. ஆனால் பழகிவிட்டது. அதைவிட வேறு சிலதும் பழகிவிட்டதுதான் அவளைக் கலக்கியது. நெருப்பைப் பார்த்துக்கொண்டே ஆனந்தபாயோடு பேச ஆரம்பித்திருந்தாள். இன்று ரேஷன் கடையில் அரிசி தீர்ந்துபோன கதை, ஸ்ரீக்குக் காது வலித்த கதை. அண்டியாபீஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தல்லும்போது ஆனந்தபாய் மூக்குக்குள்ளேயே ஒரு ஞானப்பாட்டு முனகுவாள். சுகுமாரி கோவிலுக்குப் போகிறவள், அந்தப் பாட்டின் சொற்கள் அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் அடுப்படியில் அந்த ராகம் கேட்டது. திடுக்கிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். முனகிக்கொண்டிருந்தது அவளேதான். எப்போது ஆரம்பித்தாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

லீலாபாய் அண்டிச் சாக்கோடு வருகிற நாள் வந்தது. வந்தாள், ஆனால் சாக்கு இல்லை. ரோட்டிலேயே நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"சுகுமாரி, வருத்தப்படாத. இனி உனக்கு அண்டி தர முடியாது."

"நான் பருப்பு ஒடச்சுத் தந்தேனா சேச்சி? இல்ல, எடை குறஞ்சுதா?"

"அதொண்ணுமில்ல. உன் கையி சுத்தம் எனக்குத் தெரியாதா? அந்தப் பருப்பத் தோலுரிக்கிற பெண்ணுங்கதான் தொட மாட்டோமுன்னு நிக்கினும். செத்தவ அடுப்பு மூட்டுத வீட்டுக்குப் பக்கத்துல இருந்து வாற பருப்பாம். அதுல அவ கையும் இருக்குமாம்." லீலாபாய் குரலைத் தாழ்த்தினாள். "நெசமாட்டு அங்க புகை வருதா?"

சுகுமாரி தன் விரல்களைப் பார்த்தாள். நான்தான் மூட்டுகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கே சாக்கு வரும். நாளைக்கே செல்லையனுக்கும் தெரியும். கூரை நாளை மறுநாள் இறங்கும்.

"வருது சேச்சி" என்றாள். "நானும் கண்டேன்."

லீலாபாய் சிலுவைக்குறி போடுகிற சபையைச் சேர்ந்தவள் அல்ல. ஆனாலும் கை நெஞ்சுக்குப் போயிற்று. வேகமாகத் திரும்பி நடந்தாள்.

அதன் பிறகு வந்த நாட்கள்தான் மோசம். மரச்சீனியில் தின்கிற வகை தீர்ந்து, கசக்கிற வகையை ஊறவைத்துப் பிழிந்து அவித்தார்கள். வேலாயுதன் காட்டுக்கிழங்கு தோண்ட மலையடிவாரம் போனான். ஸ்ரீ பசிக்கிறது என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். சும்மா படுத்துக் கிடந்தாள். ஆனாலும் மோந்தியில் சுகுமாரிக்குக் கால் தானாக எழுந்தது. தோடு தீர்ந்துகொண்டே வந்தது. உயிரோடிருக்கிற பிள்ளைக்குக் கஞ்சி இல்லை, இல்லாதவள் அடுப்பில் தினமும் நெருப்பு. நீ என்ன செய்கிறாய் என்று அவளே அவளைக் கேட்டாள். கேட்டுக்கொண்டே தீக்குச்சியை உரசினாள்.

செல்லையன் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை நேராக வேலாயுதனிடம்.

"எலே வேலாயுதா, மேலவீட்டுல நெல்லு கிடக்கு. ஒரு சாக்கு உனக்கு. ஆனந்தபாய்க்க புரையில ஆளில்ல, அவ போனதில இருந்து பூட்டிக் கிடக்குன்னு ஒரு பேப்பர்ல கைநாட்டு வையி. பக்கத்து வீட்டுக்காரன் சொன்னா ஆபீஸ்காரன் எடுப்பான். பிறகு அந்தக் கூரைய இறக்கித் தா. பகல் வெட்டத்துல செய்யலாம், பேயும் பிசாசும் பகல்ல வராது."

வேலாயுதன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். செல்லையன் போகத் திரும்பியவர், மூக்கை உறிஞ்சிவிட்டு சுகுமாரியைப் பார்த்தார்.

"பேய்க்கு அண்டித்தோடு எங்கெருந்து கிட்டுது?"

"அக்காவும் அண்டியாபீஸ்தானே அண்ணாச்சி" என்றாள் அவள்.

அவர் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். அவரும் பயந்த ஆள்தான். "நாளைக்குக் காலம்பற வா" என்று வேலாயுதனிடம் சொல்லிவிட்டு வேகமாகக் கிளம்பினார்.

சாயங்காலம் வேலாயுதன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைத் தடவிக்கொண்டிருந்தான். "ஒரு சாக்கு நெல்லு" என்றான். யாரிடமும் இல்லாமல் இன்னொரு முறையும் அதையே சொன்னான். "எனக்கு அந்தக் கூரையில ஏறப் பயமாக்கும். ஆனா ஏறுவேன். பிள்ளைக்கு வேண்டி ஏறுவேன்."

சுகுமாரி எழுந்து அவன் கையைப் பிடித்தாள். "எனக்க கூட வாருங்க" என்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவனை இழுத்துக்கொண்டு போனாள். கதவைத் தள்ளினாள். முந்தானையிலிருந்த கடைசித் தோடுகளை அடுப்பில் போட்டுப் பற்றவைத்தாள். தீ எழுந்தது. ஆனந்தபாயின் பானை, பலகை, சீப்பு எல்லாம் வெளிச்சத்துக்கு வந்தன.

அவன் அடுப்பைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நீயா?"

"ஆமா."

"லீலாபாய் அண்டி தராம நிறுத்தினது?"

"ஆமா. இதுக்குத்தான்."

"எனக்க பிள்ளைக்க கஞ்சியில மண்ணு வாரிப் போட்டது நீயாக்கும்." அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "செத்தவளுக்கு வேண்டி. எவனோ ஒருத்தன் துபாயிலே இருக்கானோ, கடல்லே போனானோ, அவனுக்கு வேண்டி."

"அக்கா போகும்போ அடுப்புன்னு சொன்னா" என்றாள் சுகுமாரி. "நான் அணைச்சிட்டேன். இன்னைக்கு அவ புரைக்கு ஆளில்லன்னு நாம கைநாட்டு வச்சா, நாளைக்கு நம்ம புரைக்கு யாரு சாட்சி?"

அவன் வெளியேறினான். இனி அவனுக்குப் பயப்பட ஏதுமில்லை. காலையில் அவன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மேலவீட்டுக்குப் புறப்பட்டதைச் சுகுமாரி பாயில் கிடந்தபடி பார்த்தாள். எழுந்திருக்க முடியவில்லை. வயிற்றுக்குள் ஏதோ உருண்டது.

மதியத்துக்குள் அவளுக்கும் அது வந்துவிட்டது.

அந்த நாட்களை அவள் முழுசாக நினைவுபடுத்திக்கொள்ள முடிந்ததில்லை. வேலாயுதன் திரும்பி வந்ததும், உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊற்றியதும் நினைவிருக்கிறது. வாந்தி எடுக்க எடுக்க ஊற்றினான். ஜீப்பைக் கூப்பிடவேண்டாம் என்று அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். ஸ்ரீயை ரோட்டுக்கு அப்பால் அவன் தங்கச்சி வீட்டில் விட்டிருந்தான். தொண்டை வறண்டு, கால் நரம்பு சுருண்டு இழுத்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்த ஒரு நேரத்தில் தலையைத் திருப்பினாள். பனையோலைக் கதவின் இடுக்கு வழியாக வேலி தெரிந்தது. வேலிக்கு மேலே புகை.

கறுத்த புகை இல்லை. வெளுத்த, ஈரமான புகை. ஆனந்தபாய் வீட்டுக் கூரையிலிருந்து எழுந்து, காற்றில்லாததால் கலையாமல் நின்றது.

அவள் இங்கே கிடக்கிறாள். அங்கே அடுப்பு எரிகிறது.

அக்கா வந்துவிட்டாள் என்று சுகுமாரி நினைத்தாள். பயம் வரவில்லை. வரவேண்டிய ஒருத்தி தாமதமாக வந்தது போலிருந்தது. இனி நான் போகவேண்டாம், அவளே பார்த்துக்கொள்வாள். அடுத்து என்னைக் கூப்பிடுவாள். அந்த மூக்குப் பாட்டு கேட்கும். கேட்டால் எழுந்து போய்விடவேண்டியதுதான். அவள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருந்தாள். கேட்டதா, கேட்கவில்லையா என்று பிறகு வேலாயுதன் பலமுறை கேட்டும் அவள் சொன்னதில்லை.

நோய் இறங்கி, சாய்ந்து உட்காரத் தெம்பு வந்த பிறகு அவன் கையைக் கவனித்தாள். விரலெல்லாம் கரி. சட்டையில் தேங்காய்த் தொண்டுப் புகை நாற்றம்.

"தோடு தீந்து போச்சு. பச்சைத் தொண்டு வச்சு மூட்டினேன். பத்துதே இல்ல, புகைதான்" என்றான் அவன், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

"மேலவீட்டுக்குப் போனியளே?"

"போனேன். செல்லையன் பேப்பரு வச்சோண்டு இருந்தாரு. நெல்லுச் சாக்கும் திண்டுல இருந்துது. பாத்தேன். கையி நீட்டினேன்." விரல் கரியைத் துண்டில் துடைத்தான். "பிறவு எனக்க வாயில வேற வந்துச்சு. நேத்து அந்தப் புரைக்க உள்ள போனேன் அண்ணாச்சி, நேரிட்டுக் கண்டேன்னு சொன்னேன். ஆனந்தபாய் பலகையில இருந்தா, என்ன ஏறிட்டுப் பாத்தா, ஆளில்லன்னா சொல்லப் போறே வேலாயுதான்னு கேட்டான்னு சொன்னேன். அவரு பேப்பர மடிச்சு வச்சிட்டு உள்ள போயிட்டாரு."

சுகுமாரிக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வயிற்றில் பலமில்லை.

"பொய்யி சொல்லும்போ எனக்கே ரோமம் எழும்பிச்சு" என்றான் அவன். "இப்பவும் ராத்திரி கண்ண அடச்சா அவ பலகையில இருக்கது தெரியுது."

பேயை நேருக்கு நேர் கண்டும் பிழைத்தவன் என்ற பேர் அவனுக்குச் சந்திப்பு முழுக்கப் பரவியது. அந்தப் பேர் வேறொரு கதவைத் திறந்தது. ஆரோக்கியத் துறைக்காரர்களுக்குச் சுண்ணாம்பு தெளிக்கவும் குழி வெட்டவும் ஆள் கிடைக்கவில்லை. ஊரில் யாரும் பிணத்தைத் தொடத் தயாரில்லை. வேலாயுதனை அழைத்துக்கொண்டு போனார்கள். சந்தைக் கூலியைவிட அதிகம், கூடவே அரிசி. அந்த அரிசியை உலையில் போடும்போது சுகுமாரி அடுப்பின் முன் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். யாருக்காக என்று சொல்லத் தெரியாது. ஸ்ரீ திரும்பி வந்து, தட்டை வழித்துத் தின்றாள். அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வேலாயுதன் வேலையிலிருந்து வந்து கிணற்றடியில் வெகுநேரம் குளிப்பான். சாப்பிடும்போது பேசமாட்டான்.

மழை நின்று, நோய் அடங்கி, சந்தை திறந்தபின் ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இரண்டு குடிசையும் நின்றன. இரண்டு அடுப்பிலும் புதுச் சாம்பல் இருந்தது. மகன் வெளியூரில் என்று எழுதிக்கொண்டார்கள். செல்லையன் கூட வந்திருந்தார். ஆனந்தபாய் வீட்டு வாசல்வரை வந்தவர் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை, வாயும் திறக்கவில்லை. ரெண்டு பத்து சென்டும் உறுதியாயிற்று. அண்டியாபீஸ் திறந்தது. தோலுரிக்கிற பெண்கள் சுகுமாரிக்குப் பக்கத்துப் பலகையைக் காலியாகவே விட்டார்கள். அது ஆனந்தபாய் உட்கார்ந்த இடம்.

சுந்தரதாஸ் வருவதற்கு மேலும் இரண்டு மழைக்காலம் ஆயிற்று. கறுப்புக் கண்ணாடியும் பெரிய பெட்டியுமாக டாக்சியில் இறங்கினான். அம்மா போன செய்தி அவனுக்கு எப்போதோ எட்டியிருந்தது. பெட்டியைத் திறக்காமல் வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தான்.

"எங்க அடக்கினாங்க மாமா?" என்று வேலாயுதனிடம் கேட்டான்.

மூன்று பேருமாகப் போனார்கள். நெய்யாற்றுக்குப் போகிற வழியில் புறம்போக்கில் ஒரு மேடு, காட்டாமணக்கு வளர்ந்து கிடந்தது. வேலாயுதன் முன்னால் நடந்து, தயங்காமல் ஒரு இடத்தில் நின்றான்.

"இங்கயாக்கும்."

சுந்தரதாஸ் முழங்காலிட்டான். கண்ணாடியைக் கழற்றினான். முகம் அப்படியே ஆனந்தபாய். வெகுநேரம் அழுதான். திரும்பி வரும் வழியில் சுகுமாரி பின்தங்கி நடந்து, புருஷனிடம் மெல்லக் கேட்டாள். "நெசமாட்டு அந்த இடம்தானா?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் போறதுக்கு முன்னே அடக்கினது. ஒரு குழியில எத்தனையோ பேரு. கேட்டா அங்க உள்ளவனுக்கும் தெரியாது." வேலாயுதன் துண்டால் முகத்தைத் துடைத்தான். "அந்தப் பயலுக்கு முட்டுக்குத்தி அழ ஒரு இடம் வேண்டாமா?"

விடுப்பு முடிகிற சமயம் சுந்தரதாஸ் சுகுமாரியிடம் வந்தான். ஊர்க்காரர்கள் கதை முழுவதையும் அவனிடம் சொல்லியிருந்தார்கள். வேலாயுதனும் உண்மையைச் சொல்லியிருந்தான்.

"மாமி, நான் மாசா மாசம் பணம் அனுப்பித் தாறேன்" என்றான். "வீட்ட அப்படியே வச்சிருக்கலாம். நீங்க மோந்திக்கு அடுப்பு மட்டும் மூட்டுங்க. நான் அங்க கிடந்து நினைக்கும்போ அம்மைக்க வீட்டுல புகை வருதுன்னு நினைச்சா எனக்கு ஒறக்கம் வரும்."

வேலாயுதன் அவளைப் பார்த்தான். அண்டியாபீஸ் வருஷத்தில் பாதி நாள்தான் ஓடியது. ஸ்ரீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

சுகுமாரி அவன் தலையில் கைவைத்தாள்.

"வேண்டாம் மக்கா. அப்பம் நான் எதையும் நினைக்காம போனேன். இனி போனேன்னா, அங்கெருந்து திரும்பி வாறது நான்தானான்னு எனக்குச் சொல்லத் தெரியாது. உனக்கு அம்மை வேணும். எனக்க மகளுக்கும் அம்மை வேணும்."

அவன் வாதாடவில்லை. மறுநாள் காலையில், நல்ல வெயிலில், அவனும் வேலாயுதனுமாகக் கூரையைப் பிரித்தார்கள். ஓலை உளுத்துப்போயிருந்தது, தொட்டதும் உதிர்ந்தது. பானையைச் சபை உபதேசியார் வீட்டுக்குக் கொடுத்தார்கள். சீப்பைச் சுந்தரதாஸ் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மூன்று அடுப்புக்கல்லையும் பெயர்த்து வேலியோரம் போட்டார்கள். அடியில் மண் செங்கல் நிறத்தில் வெந்திருந்தது.

அன்றைக்குப் பொழுது சாய்ந்தபோது சுகுமாரி தன் வீட்டு அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கால் எழுந்தது. கையில் ஈரத்தோடு வாசல்வரை வந்துவிட்டாள். வேலிக்கு அப்பால் வெறும் வானம் தெரிந்தது.

"எங்கம்மா போற?" என்று ஸ்ரீ கேட்டாள்.

"எங்கயும் இல்ல" என்றாள் அவள். மகளுக்குப் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தாள். உள்ளே உலை கொதித்துப் பொங்குகிற சத்தம் கேட்டது. இருட்டி முடிகிறவரை அவள் எழுந்திருக்கவில்லை.